கறையில்லாத நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனிதகுலம் செய்த உருப்படியான காரியம் ஒன்றே ஒன்றுதான்: ஒரு நூலகத்தின் ‘பண்டைய ஒளிப்பட நூல்கள் மின்மயமாக்கத் திட்டம்’. இடையில் சக்கரம், அச்சு இயந்திரம் என்று சில சில்லறை முயற்சிகள் நடந்தன. அவற்றுக்கு விருது கிடைத்ததாகத் தகவல் இல்லை. இத்திட்டத்துக்கு மூன்று கிடைத்தன.

காமிரா மரப்பெட்டியாக இருந்த காலத்தில் எந்த மருந்தை எதோடு கலந்து எப்படிப் படம் கழுவுவது என்று சொன்ன நானூற்றுப் பத்துப் புத்தகங்கள் அங்கே இருந்தன. அவற்றைத் தைத்து, ஒட்டி, உயிரோடு வைத்திருந்தவள் பசையக்கா. பத்தொன்பது வருடம் கையில் பசையோடு திரிந்ததில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. நூலக ஊழியருக்கு இருக்கக்கூடாத ஒரு கெட்ட பழக்கம் அவளிடம் இருந்தது. புத்தகத்தைப் படித்துவிடுவாள்.

அதிலும் அச்சை விட்டுவிட்டு ஓரத்தைப் படிப்பாள். பொடியைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் படமெடுத்த நாட்களில் வந்த வெளிச்சப் பொடிப் புத்தகம் ஒன்று. அதன் ஓரமெல்லாம் யாரோ ஒருவர் நூறு வருடத்துக்கு முன்பு சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், வெளிச்சப் பொடிக்கு வேண்டிய இரண்டு பொடிகளையும் சேர்த்து அரைக்கச் சொன்னது புத்தகம். அதற்கு நேரே ஓரத்தில், ‘சேர்த்து அரைக்காதே. அரைத்தேன். புருவம் போயிற்று.’ அடுத்த பக்கத்தில், ‘மனைவி இன்னும் சிரிக்கிறாள்.’ முகம் தெரியாத அந்தப் புருவக்காரர் மேல் பசையக்காவுக்குத் தனிப் பிரியம். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிற நாட்களில் அந்தப் பக்கத்தைத்தான் எடுத்துப் பார்ப்பாள்.

திட்டத்தின் உயிர்நாடி ‘சுத்திகரிப்பு’ மென்பொருள். ஸ்கேன் செய்த பக்கத்தில் அச்செழுத்தைத் தவிர வேறு எது இருந்தாலும் அழித்துவிடும். பூஞ்சைக் கறை போனது, எண்ணெய்க் கறை போனது. இந்த மருந்தில் கழுவினால் படம் இந்த நிறத்தில் வரும் என்று மாதிரிக்கு ஒட்டியிருந்த நீலப் படங்கள், ‘நீலக் கறை, எழுபத்தொன்று’ என்று அறிக்கையில் ஏறிவிட்டுப் போயின. புருவக்காரர் ‘செங்கறை’ என்ற தலைப்பில் போய்ச் சேர்ந்தார். ஸ்கேன் முடிந்த புத்தகங்களைக் காகிதக் கூழ் ஆலைக்கு அனுப்புவதாகத் தீர்மானம். பாதுகாத்தாகிவிட்ட பிறகு புத்தகம் எதற்கு?

பசையக்கா இயக்குநரின் அறைக்குப் போய் அந்த ஒரு புத்தகத்தையாவது விட்டுவைக்கும்படி கேட்டாள். இயக்குநர் தங்கமான மனிதர். விதி இல்லாமல் எதையும் மறுக்கமாட்டார்.

“நூலகப் புத்தகத்துல எழுதறது குற்றம்மா. குற்றத்தைப் போய்ப் பாதுகாக்கச் சொல்றீங்களே.”

“அது எச்சரிக்கை சார். பட்டவர் எழுதினது.”

“அவரோட உறுப்பினர் எண் இருக்கா? இருந்தா முதல்ல நோட்டீஸ் அனுப்புவோம். பதில் வந்ததும் பரிசீலிக்கலாம்.”

எண் இல்லை. வெள்ளிக்கிழமை லாரி வந்தது. பசையக்கா ஜன்னல் பக்கமே போகவில்லை. சொந்தக்காரரைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது அவளுக்கு. பசை கட்டிதட்டிப் போகும்வரை சட்டியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது விருது விழாவில் இயக்குநருக்கு ஒரு யோசனை உதித்தது. மின்நூலைப் பார்த்து மேடையிலேயே பொடி தயாரித்து, பழைய முறைப்படி விழாவைப் படமெடுப்பது. மரப்பெட்டிக் காமிரா மேடையைப் பார்த்தபடி மூடி திறந்து காத்திருந்தது. ஒரு கையில் டேப்லெட், மறு கையில் குழவி. இரண்டு பொடிகளும் ஒரே பீங்கான் உரலில் விழுவதைப் பார்த்ததும், கடைசி வரிசையில் இருந்த பசையக்கா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். எழுந்துவிட்டாள்.

“சார், ரெண்டையும் சேர்த்து அரைக்காதீங்க. வெடிச்சிடும்.”

“எந்தப் பக்கத்துலம்மா போட்டிருக்கு?”

“நூத்திப் பன்னெண்டு. ஓரத்துல.”

இயக்குநர் டேப்லெட்டைச் சபைக்குத் திருப்பிக் காட்டினார். ஓரம் பால் போல் வெள்ளையாக இருந்தது.

“ஒரு புள்ளி இருக்கா பாருங்க” என்றார்.

சபை கைதட்டியது. ஸ்கேன் பிரிவுத் தலைவர் எழுந்து நின்று கும்பிட்டார். இயக்குநர் குழவியைச் சுழற்றினார்.

வெளிச்சம் அபாரமாக வந்தது. படமும் நன்றாகவே விழுந்தது. இயக்குநரின் புருவங்களுக்கு இருக்கும் கடைசிப் படம் அதுதான். நல்லவேளையாக வேறு சேதம் இல்லை.

விசாரணைக் குழு உட்கார்ந்தது. மென்பொருளில் குறை இல்லை, மின்நூலில் குறை இல்லை, இயக்குநரிடம் குறை என்ற பேச்சுக்கே இடமில்லை. மிச்சம் இருந்தவள் பசையக்கா. ஆபத்து தெரிந்திருந்தும் முன்கூட்டியே ‘எழுத்துமூலம்’ எச்சரிக்கத் தவறியது ஏன் என்று மெமோ வந்தது. அதை இரண்டு முறை படித்தாள். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, அதன் ஓரத்திலேயே எழுதினாள்: ‘நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் எழுத்துமூலம் எச்சரித்தார். அதை அழித்ததற்குத்தான் உங்களுக்கு விருது.’

நடைமுறைப்படி அந்தத் தாள் ஸ்கேனுக்குப் போனது, பிறகு கூழுக்குப் போனது. திரையில் கோப்பைத் திறந்த குழு, ஓரத்தின் வெண்மையைப் பாராட்டிவிட்டு, ‘விளக்கம் வரப்பெறவில்லை, குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கருதப்படுகிறது’ என்று முடித்து, பசையக்காவை வேலையை விட்டு அனுப்பியது.

இன்றைக்கு அந்த நூலகத்தில் மருந்துக்குக்கூடக் கறை கிடையாது, நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் நாலைந்தைத் தவிர.