ஒரு கரண்டி விஷம் கிடைக்குமா?

கண்ணில் கடலுக்குள் மூழ்குகிறவர்கள் மாட்டும் கண்ணாடி, வாயில் மூன்றாய் மடித்துக் கட்டிய துண்டு, கையில் முழங்கை வரை ரப்பர் உறை, காலில் மீன்காரரிடம் இரவல் வாங்கிய பூட்ஸ். இந்தக் கோலத்தில் ஷௌக்கி துணி அலமாரிக்குள் தலையை விட்டு, மர இடுக்குகளில் சாம்பல் நிறத் தூளைத் தூவிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது.

திறந்தால் கீழ்வீட்டு உம்மு வலீது. இடுப்பில் துவைத்த துணிக்கூடை. வெள்ளைத் துணியெல்லாம் லேசாகச் சாம்பல் பூத்திருந்தது.

"அண்ணே, மேலேருந்து ஏதோ பொடி கொட்டுது."

"பயப்படாதே. அலமாரித் துணியை பால்கனியில உதறினேன். வீட்டுக்குள்ள உதறக் கூடாது, அது ஆபத்து" என்றார் ஷௌக்கி துண்டுக்குள்ளிருந்து.

உம்மு வலீது கூடையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

ஷௌக்கி விளக்கினார். விளக்குவதென்றால் அவருக்கு அல்வா. பருத்திக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்த அவருடைய மாமா செத்துப்போகும்போது விட்டுப்போன டப்பா அது. மேலே மண்டையோட்டுப் படம். அந்தக் காலத்துச் சரக்கு. அலெக்சாந்திரியாவில் கடல் காற்று பட்ட மரத்தை உளுப்பூச்சி விட்டு வைப்பதில்லை. இந்தக் கட்டடத்திலேயே பாதி ஜன்னல் கதவுகள் ஆணியின் தயவில்தான் தொங்குகின்றன. ஷௌக்கி வீட்டு மரம் மட்டும் கல்லாய் நிற்கிறது. காரணம் டப்பா.

"விஷம்கிறது நெருப்பு மாதிரி, உம்மு வலீது. பொறுப்பான ஆள் கையில இருந்தா அடுப்பு, பொறுப்பில்லாதவன் கையில இருந்தா தீவிபத்து. இதை உலகம் பூரா தடை பண்ணிட்டாங்க. நரம்பைத் தாக்கும். குழந்தைங்க இருக்கிற வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது."

அவளுக்கு மூன்று குழந்தைகள். அவள் முகம் வெளுத்தது. பிறகு திடீரென்று சிரித்தாள்.

"அண்ணே, அதுல எனக்கு ஒரு கரண்டி கிடைக்குமா?"

ஷௌக்கியின் கண்ணாடியில் ஆவி படிந்தது. "இப்போ நான் என்ன சொன்னேன்?"

"தடை பண்ணியிருக்காங்கன்னா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்? இப்போ கடையில விக்கிற மருந்தைக் கரப்பான் குடிச்சிட்டு, டீ இல்லையான்னு கேக்குது."

"முடியாது. உன் பிள்ளைங்க தரையில உருளுதுங்க. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் எப்படிம்மா உயிரோட இருப்பேன்?"

மனசார சொன்னார். கதவைச் சாத்திவிட்டு டப்பாவின் மூடியை இன்னொரு தடவை இறுக்கினார். அவளுடைய கடைக்குட்டி எதைக் கண்டாலும் வாயில் வைக்கிற ஜாதி.

மறுநாள் மேல்மாடியிலிருந்து கேப்டன் ரிஃபாத் இறங்கி வந்தார். கப்பல் ஓட்டி ஓய்வு பெற்றவர். படிக்கட்டிலும் கப்பல் தளத்தில் நடப்பதுபோல் காலை அகட்டித்தான் நடப்பார். கையில் ஒரு காலி டப்பா.

"ஷௌக்கி, ஏதோ நல்ல சரக்கு வச்சிருக்கியாமே. எனக்கும் கொஞ்சம் போடு."

"கேப்டன், அது மனுஷனைக் கொல்லும்."

"அப்போ ரெண்டு கரண்டியாப் போடு."

அவரையும் அனுப்பி வைத்தார். மாலையில் இரண்டாம் மாடி டீச்சரம்மா, மறுநாள் காலை தையற்காரர். ஷௌக்கி ஆபத்தைச் சொல்லச் சொல்ல ஆசை கூடியது. கல்லீரல் கெடும் என்றார், ஆஹா என்றார்கள். மண்ணில் போட்டால் பல வருஷம் மக்காது என்றார். கண்கள் விரிய ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் "தீர்ந்துபோச்சு" என்று ஒரு பொய்யைப் போட்டார். யாரும் நம்பவில்லை.

அன்றிலிருந்து கட்டடம் அவரிடம் முகம் கொடுக்கவில்லை. படிக்கட்டில் ஸலாம் சொன்னால் பதில் பாதியில் நின்றது. காவல்காரர் ஹசனைனுக்குச் சரியாகக் காஸ் சிலிண்டரை மேலே தூக்கி வர வேண்டிய நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

மனைவி நவால் முழுச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் நிறுத்தினாள்.

"ஏங்க, ஒரு வெங்காயம் கடன் கேட்டேன். இல்லைன்னுட்டா அந்த டீச்சர். அவ பின்னாடி ஒரு மூட்டை வெங்காயம் உக்காந்து என்னைப் பாக்குது. அந்தச் சனியனைத் தூக்கித் தூரப் போடுங்களேன்."

"எங்க போடுறது? குப்பையில போட்டா பொறுக்குறவன் திறந்து பாப்பான். சாக்கடையில கொட்டினா கடலுக்குப் போகும், அதே மீனை வெள்ளிக்கிழமை நீ வறுப்பே. என்கிட்ட இருக்கிற வரைக்கும்தான் அது பத்திரம்."

"அப்போ அவங்களுக்கு ஒரு கரண்டி குடுத்துத் தொலைங்க."

"குடுத்துட்டு அப்புறம் அவங்க மய்யித்துத் தொழுகைக்கு முதல் வரிசையில போய் நிக்கவா?"

நவால் தலையில் அடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே அவள் மாவு சலித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் ஷௌக்கிக்கு அந்த யோசனை உதித்தது.

கோதுமை மாவு. அதில் எதிர்க் காப்பிக் கடை ஹூக்காவிலிருந்து வாங்கி வந்த கரிச்சாம்பல். வாசனைக்கு ஒரு சொட்டு மண்ணெண்ணெய். கலக்கிப் பார்த்தால் மாமாவே எழுந்து வந்தாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அசல் டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். யாரும் சாக வேண்டாம், யாரும் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். தன் புத்தியை எண்ணி அவருக்கே கண் கலங்கியது.

ஆளுக்கு ஒரு கரண்டி, நவாலின் பீங்கான் கிண்ணங்களில். கண்ணாடி, உறை, பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டுதான் மாவைக் கொடுத்தார். கூடவே பிரசங்கமும்.

"கையால தொடாதே. மூச்சை இழுக்காதே. முக்கியமா, இந்தக் கிண்ணத்துல இனிமே சாப்பாடு வைக்கக் கூடாது. உடைச்சுப் புதைச்சிடணும்."

எல்லாரும் பயபக்தியோடு கேட்டார்கள். உம்மு வலீது கிண்ணத்தைக் கை நீட்டி உடம்புக்கு எட்டாத தூரத்தில் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து இறங்கினாள். ஷௌக்கிக்கு உச்சி குளிர்ந்தது. சொன்னால் கேட்கிற ஜனங்கள்.

இரண்டு நாளில் உம்மு வலீது மறுபடி வந்தாள். கையில் அதே கிண்ணம், நிறையப் பால் பாயசம். அண்டை வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருகிற வழக்கம் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் இல்லை. உயிரே போனாலும் ஏதாவது போட்டுத்தான் தருவார்கள்.

"மருந்துன்னா மருந்து அண்ணே. ஒரு கரப்பான் இல்லை" என்றாள்.

அவள் செருப்புக்குப் பக்கத்தில் ஒரு கரப்பான் மீசையை ஆட்டிக்கொண்டு வந்து நின்றது. அவள் குனியாமலே மிதித்தாள். "இது வெளியூர்க் கரப்பான். சாப்பிடுங்க."

ஷௌக்கி மாட்டிக்கொண்டார். விஷம் இருந்த கிண்ணத்தில் உள்ள பாயசத்தைச் சாப்பிட்டால், கொடுத்தது விஷமில்லை என்று வெளிச்சமாகிவிடும். சாப்பிடாவிட்டால் அவள் மனசு புண்படும், சிலிண்டர் மறுபடியும் கீழேயே நிற்கும். உம்மு வலீது அசையாமல் நின்றாள். முதல் வாயைப் பார்க்காமல் போகிற உத்தேசமில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "உனக்காக" என்றார். உதடு நடுங்க ஒரு வாய் விழுங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டார். உம்மு வலீது அவரை அப்படி ஒரு பரிதாபத்தோடு பார்த்தாள். நல்ல நடிப்பு என்று ஷௌக்கி நினைத்துக்கொண்டார்.

அவள் போனதும் நவால் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நம்ம கிண்ணத்துல ஓரம் உடைஞ்சிருக்குமே. இதுல இல்லையே?"

"அவ்வளவு நல்லாக் கழுவியிருக்கா."

"கழுவினா உடைஞ்சது ஒட்டிக்குமா?"

"நீ எப்பவும் குறைதான் சொல்லுவே."

பாயசத்தோடு வேண்டுகோளும் வந்திருந்தது: இன்னும் நாலு கரண்டி. கேப்டனுக்கு இப்போது ஒரு ஜாடி வேண்டும். டீச்சரம்மா முட்டைக்கோஸ் சோறோடு வந்து ஒரு வாளியை நீட்டினாள். வருகிறவர்கள் எல்லாரும் கிளம்பும்போது ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"டப்பாவுல இன்னும் எவ்வளவு இருக்கு?"

"கவலைப்படாதீங்க, நிறைய இருக்கு" என்பார் ஷௌக்கி பெருமையாக. கேட்டவர் முகம் தொங்கிவிடும். என்ன பேராசை பிடித்த ஜனங்கள் என்று அவர் பெருமூச்சு விடுவார்.

மாவு மூட்டையாய் வரத் தொடங்கியது. குளியல் தொட்டியில் கலக்கினார். கலக்கின கலக்கலில் சந்து பொந்தெல்லாம் மாவு. இத்தனை வருஷம் பூச்சி வாடை அறியாத வீட்டில் முதலில் வண்டு வந்தது, பின்னால் எறும்பு, அப்புறம் கரப்பான் குடும்பத்தோடு வந்து இறங்கியது.

"ஊர்க் கரப்பானுக்கெல்லாம் நம்ம வீட்டுலதான் கல்யாண விருந்து" என்றாள் நவால், நாற்காலி மேல் நின்றுகொண்டு. "அசல் டப்பாவுல ஒரு சிட்டிகை எடுத்துத் தூவுங்க."

"சமையலறையிலயா? எனக்குப் பொறுப்பு இல்லையா?"

"பொறுப்பாம் பொறுப்பு. அவங்க வீட்டுக் கரப்பான்தான் செத்துப்போச்சே, அப்புறமும் ஏன் வாளி வாளியாக் கேக்குறாங்க? யோசிச்சீங்களா?"

"ருசி கண்ட பூனை" என்றார். ஆனால் உள்ளுக்குள் பயம் அரித்தது. இப்படியே போனால் ஒரு நாள் யாராவது தானே உள்ளே நுழைந்து அசலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் கடைக்குட்டி வாயில் வைத்துவிடும். இதற்கு ஒரே அடியாய் முற்றுப்புள்ளி வைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து அவரே எல்லாரையும் படிக்கட்டில் கூட்டினார். ஒரு பெரிய தகர டிரம்மை இழுத்துக்கொண்டு வந்து நடுவில் வைத்தார். உள்ளே மூட்டை மாவும், காப்பிக் கடையின் மொத்தச் சாம்பலும்.

"இதுதான் கடைசி. டப்பாவைத் துடைச்சு வழிச்சுப் போட்டுட்டேன். எங்கிட்ட இனிமே ஒரு சிட்டிகை கிடையாது. என் மாமா மேல ஆணை."

மாமா செத்தவர், அவர் மேல் ஆணையிட்டால் அவருக்கு ஒன்றும் ஆகிவிடாது என்பது ஷௌக்கியின் கணக்கு.

"ஒரு சிட்டிகை கூட?" என்றார் கேப்டன்.

"ஒரு சிட்டிகை கூட."

உம்மு வலீது அழுதே விட்டாள். டீச்சரம்மா நவாலைக் கட்டிப்பிடித்து, ஒரு மூட்டை வெங்காயம் அனுப்புவதாகச் சொன்னாள். தையற்காரர் ஷௌக்கியின் நெற்றியில் முத்தமிட்டார். ஆளுக்கொரு ஜோடி ரப்பர் உறையை எங்கிருந்தோ எடுத்து மாட்டிக்கொண்டு, டிரம்மைப் பிள்ளைத்தாய்ச்சியை இறக்குவதுபோல் படிப்படியாய் இறக்கினார்கள். பால்கனியிலிருந்து பார்த்தார் ஷௌக்கி. வாசலில் ஒரு சிறு லாரி நின்றிருந்தது. டிரம் ஏறியது, கேப்டன் முன்னால் ஏறினார், லாரி போனது.

பங்கு போடுவதற்கு லாரி எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. இருந்தாலும் மனசு லேசாகிவிட்டது. ஒருத்தருக்கும் ஒரு தலைவலி கூட வராமல் காப்பாற்றிவிட்டார். கட்டிலில் போய் அக்கடா என்று உட்கார்ந்தார். காலைப் பின்னால் இழுத்ததில், அடியில் இருந்த அசல் டப்பா குதிகாலில் கனமாய் இடித்தது.

அப்போது காவல்காரர் ஹசனைன், கேட்காமலே, சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு உள்ளே வந்தார். இடுப்பில் பிடிப்பின் சுவடே இல்லை.

"என்னப்பா ஹசனைன், டிரம்மை எங்கே ஏத்திட்டுப் போறாங்க?"

"ஊருக்கு வெளியே விஷக் கழிவை எரிக்கிற ஆலைக்கு, உஸ்தாத். முன்னாடி வாங்கினதெல்லாம் கிண்ணத்தோட அங்கதான் போச்சு. கிண்ணத்துக்குப் பதில் புதுக் கிண்ணம் வாங்கித் தந்தோமே."

"எரிக்கவா? எல்லாரும் பூச்சிக்குத்தானே கேட்டீங்க?"

ஹசனைன் சிலிண்டரை இறக்கி வைத்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கட்டிலில் அவர் பக்கத்திலேயே நிம்மதியாக உட்கார்ந்தார்.

"நீங்க கண்ணாடி மாட்டிக்கிட்டு உதறுறீங்க, கீழ விளையாடுற பிள்ளைங்களுக்கு ஏது உஸ்தாத் கண்ணாடி? மூஞ்சிக்கு நேரா 'தூக்கிப் போடுங்க'ன்னா உங்க மனசு நோகும்னுதான், மொத்தக் கட்டடமும் சேர்ந்து கரண்டி கரண்டியாக் கடன் கேட்டு உங்க டப்பாவைக் காலி பண்ணிட்டோம்."