ஐஸ் லோரி ஓட்டிய பிரதமர்

உலகத்திலேயே அதிக முறை ராஜினாமா செய்த பிரதமர் யார் என்று யாராவது கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் எங்கள் ஃபிளாட்டின் விலாசத்தை எழுதிக் கொடுப்பேன். ஆறு ஆண்டுகளில் பதினேழு முறை. அதில் மூன்று ஒரே வாரத்தில். இதை முறியடிக்க இன்னொருவர் பிறந்துதான் வரவேண்டும். பிறந்து வந்தாலும் எங்கள் லிஃப்ட் மாதிரி ஒரு லிஃப்ட் அவருக்கு வாய்க்க வேண்டும்.

அவருடைய உண்மையான பெயர் மின்சார பில்லில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவர் பிரதமர். தொழில், மலேசியாவில் ஈப்போ நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கு ஐஸ் கட்டி கொண்டுபோய் இறக்கும் லோரி ஓட்டுவது. விடியுமுன் கிளம்பி, காலை பத்து மணிக்குள் வேலையை முடித்துவிடுவார். பத்து மணிக்கு மேல் ஆட்சி.

செமோர் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் விற்றபோது, வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் இருந்த எங்களையெல்லாம் மூட்டை முடிச்சோடு ஈப்போ ஓரத்துக்குக் கொண்டுவந்து ஒரு பத்து மாடி ஃபிளாட்டில் ஏற்றினார்கள். பக்கவாட்டில் வாழ்ந்த சனத்தை மேலும் கீழுமாக அடுக்கிவிட்டார்கள். அவர் மூன்றாவது மாடி, நான் நான்காவது.

பிரதமர் பட்டம் வந்தது ஒரு புத்தகத்தால். பழைய பேப்பர் கடையில் அட்டையும் முதல் சில பக்கங்களும் இல்லாத ஒரு தமிழ்ப் புத்தகம் அவருக்குக் கிடைத்தது. வெள்ளைக்காரன் காலத்தில், மதராஸ் மாகாணத்தில் கவர்னருக்குக் கீழே உட்கார்ந்து ஆட்சி நடத்திய ஒரு மனிதரின் அரசியல் வாழ்க்கை. அந்தக் காலத்தில் மாகாணத் தலைவரையும் பிரதமர் என்றுதான் சொல்வார்களாம். புத்தகம் முழுக்க 'பிரதமர் அவர்கள்' என்றே இருந்ததே தவிர, பெயர் ஓரிடத்திலும் இல்லை.

"யாருண்ணே அந்தப் பிரதமரு?" என்று கேட்டேன்.

"பேரு தெரியாதுலா தம்பி. ஆனா அவரு யார் யார்கூட சேர்ந்தாரு, எப்பப் பிரிஞ்சாரு, கவர்னர்கிட்ட எத்தன தடவ மொறச்சிக்கிட்டாரு, எல்லாம் மனப்பாடம். வேணும்னா கேளு."

நான் கேட்கவில்லை. இருந்தும் சொன்னார். லோரியில் ஐஸ் பாதி உருகிவிட்டது.

அதற்கடுத்த மாதம் ஃபிளாட் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல் வந்தது. கூட்டத்துக்கு வந்தவர்கள் நான்கு பேர். அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். அவர் போட்டியில்லாமல் ஜெயித்தார். ஜெயித்த கையோடு மந்திரிசபை அமைத்தார். கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அப்பாஸ் பாய் உணவு அமைச்சர். பத்திரிகையில் எழுதுகிறேன் என்பதால் நான் கல்வி அமைச்சர். ஃபிளாட்டைப் பராமரிக்கும் கம்பெனியின் அதிகாரி, பாவம் அந்தச் சீனர், தனக்குத் தெரியாமலே கவர்னர் ஆகிவிட்டார்.

"நமக்குப் பொறுப்பு இருக்கு, அதிகாரம் இல்ல. சாவி எல்லாம் கவர்னர் கையில. இதத்தான் தம்பி இரட்டை ஆட்சின்னு புஸ்தகத்துல போட்டிருக்கான்" என்பார். சாவி என்று அவர் சொன்னது லிஃப்ட் மோட்டார் அறையின் சாவி.

லிஃப்ட்தான் எங்கள் தலையாய பிரச்சினை. வாரத்தில் இரண்டு நாள் ஓடும், ஐந்து நாள் ரோசாக், அதாவது பழுது, என்று பலகை தொங்கும். எங்களுக்குக் கால் வலித்தது, அவ்வளவுதான். ஆனால் ஏழாவது மாடியில் பாக்கியம் அக்கா இருந்தார். அவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். முட்டியும் போய்விட்டது. லிஃப்ட் ஓடாத நாளில் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விட்டால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இதில் சிக்கல் என்னவென்றால், பாக்கியம் அக்காதான் எதிர்க்கட்சி. பால்கனியில் நின்று பிரதமரைத் திட்டுவது அவருக்கு அன்றாட வேலை. குப்பை வண்டி வராவிட்டாலும் திட்டு, வந்தால் ஏன் இவ்வளவு சத்தம் என்று திட்டு. லிஃப்ட் ஓடாத நாளில், அதே பிரதமர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு ஏழாவது மாடிக்கு ஏறுவார். நானும் அப்பாஸ் பாயும் பின்னால். அக்காவை நாற்காலியில் உட்கார வைத்துப் படிப்படியாக இறக்குவோம். இறங்கும் வழியெல்லாம் வசவு.

"யோவ் பிரதமரே, ஆட்டாதய்யா! ஐஸ் கட்டின்னு நெனப்பா?"

"ஐஸ் கட்டின்னா இந்நேரம் எடை கொறஞ்சிருக்கும்க்கா."

"கொழுப்பப் பாரேன்! அடுத்த எலெக்சன்ல ஒனக்கு ஒரு கை விழாது, பாத்துக்க."

"எதிர்க்கட்சித் தலைவருக்கு உரிய மரியாதையச் செய்யறேன். பேசுறது அவங்க உரிமை" என்று எங்களைப் பார்த்துச் சொல்வார். மூச்சு வாங்கும், முகம் சிவந்திருக்கும், நாற்காலியை மட்டும் விடமாட்டார். அறுபது வயதைத் தாண்டியவர் என்று அப்போதுதான் எங்களுக்கு நினைவு வரும்.

ஒவ்வொரு முறை லிஃப்ட் நின்றதும் கம்பெனி ஆபீசுக்குப் போய்ப் புகார் கொடுப்பார். கவர்னர் சிரித்த முகத்தோடு, "மிங்கு டெப்பான் லா, பாஸ்" என்பார். அடுத்த வாரம் என்று அர்த்தம். எந்த வாரத்துக்கு அடுத்த வாரம் என்று அவர் சொன்னதில்லை. உடனே பிரதமர் ராஜினாமா எழுதி மேசையில் வைப்பார். கவர்னர் நல்ல மனிதர், அதில் ரப்பர் முத்திரையால் சாப் குத்திக் கோப்பில் வைத்துக்கொள்வார். ஒரு நாள் கழித்து, பிரதமர் "மக்கள் வற்புறுத்தலால்" ராஜினாமாவைத் திரும்பப் பெறுவார்.

"எந்த மக்கள்ணே வற்புறுத்தினாங்க?"

"பாய் கூப்பிட்டாருலா. வந்து டீ குடிச்சிட்டுப் போங்கன்னாரு."

பதினேழாவது ராஜினாமாவின்போது கவர்னருக்கே மனசு இளகிவிட்டது. பிரதமரை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். லிஃப்டைப் பார்க்கும் ஆட்களை மாற்றி, மோட்டாரைப் புதிதாகப் போட வேண்டும். அதற்குச் சங்கத்தின் தீர்மானம் வேண்டும். நாற்பது வீட்டுக்காரர்கள் ஒரே இடத்தில் நேரில் நின்று கை தூக்கினால் மறுநாளே கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

நாற்பதா! எங்கள் சனத்தையா! வாட்சப்பில் கூட்ட அறிவிப்பு போட்டால் அறுபது பேர் கட்டைவிரல் காட்டுவார்கள், ஒன்பது பேர் வருவார்கள். பாய் இலவச டீ என்று அறிவித்துப் பார்த்தார். இருபது பேர் வந்தார்கள், டீயைக் குடித்துவிட்டு நின்ற இடத்திலிருந்தே கரைந்து போனார்கள். இதற்கிடையில் லிஃப்ட் முழுசாகப் படுத்துவிட்டது. இப்போது வாரம் மூன்று நாளும் நாற்காலி. ஒரு வியாழக்கிழமை நான்காவது மாடித் திருப்பத்தில் பிரதமருக்குக் கால் வழுக்கியது. நாற்காலி சாய, பாய் தாங்கிப் பிடித்தார். அன்றைக்கு அக்கா திட்டவே இல்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது.

மறு ஞாயிறு ஒன்பது மணிக்குக் கூட்டம். ஒன்பதரைக்குப் பதினோரு பேர். கவர்னர் கோப்போடு நின்று கடிகாரத்தைப் பார்த்தார். பிரதமர் நேராக லோரிக்குப் போனார். பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஒரு தண்டவாளத் துண்டை எடுத்து வந்து, சைக்கிள் கொட்டகை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டார். பிறகு சுத்தியலால் அடிக்க ஆரம்பித்தார்.

முதலில் நிறுத்தி நிறுத்தி. பிறகு வேகமாக. அப்புறம் ஒரேயடியாக.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன், அது பெரட்டு மணி. காலையில் அது அடித்தால் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் வரிசையில் வந்து நிற்க வேண்டும், பேர் கூப்பிடுவார்கள், வராதவனுக்கு அன்று வேலை இல்லை. தோட்டம் போய்ப் பதினைந்து வருசம் ஆகிவிட்டது. ஆனால் எங்கள் கால்களுக்கு அது தெரியவில்லை போலிருக்கிறது. கதவுகள் படபடவென்று திறந்தன. ஒருவர் வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தார். ஒரு அக்கா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே இறங்கினார். இன்னொருவர் கையில் வாளி, ஏன் எடுத்தேன் என்று அவருக்கே தெரியவில்லை. ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்துப் பழக்கமே இல்லாத நான்கூட, பாய் கடையில் பாதி ரொட்டியை விட்டுவிட்டு ஓடினேன். வந்தவர்கள் தாங்களாகவே வரிசை கட்டினார்கள்.

"நேத்து மழண்ணே. மரம் ஈரமா இருக்குமே, இன்னிக்கி வெட்டு இருக்கா?" என்று ஒரு பெரியவர் நிஜமாகவே கேட்டார்.

வெள்ளைச் சட்டையும் கோப்புமாகக் கவர்னர் முன்னால் வந்ததும், முதல் வரிசை மொத்தமாக, "சலாம் தொரே!" என்றது. கவர்னர் இரண்டடி பின்வாங்கினார். அதன்பிறகுதான் எங்களுக்குச் சுயநினைவு வந்தது. சிரிப்பு வெடித்தது. பிரதமர் மட்டும் சிரிக்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தார்.

முப்பத்தொன்பது.

அந்த நேரத்தில் மேலிருந்து குரல் வந்தது. "நிறுத்துங்கய்யா! நானும் வாரேன்!"

நாற்காலியோடு மேலே ஓடினோம். பாக்கியம் அக்கா ஏழாவது மாடிப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்காலியைத் தொடவே விடவில்லை.

"ஊர்வலம் போகலே நான். ஓட்டுப் போடப் போறேன். நடந்தேதான் போவேன்."

முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு படியாக, பிரதமர் ஒரு படி கீழே பின்னோக்கி இறங்க, அக்கா இறங்கினார். கீழே ஒருவரும் நகரவில்லை. பிரதமர் பெரட்டைக் கலைக்கவில்லையே, எப்படிப் போவது! கடைசிப் படியில் கால் வைத்ததும் அக்கா மூச்சு வாங்கியபடி கையைத் தூக்கினார். "லிஃப்டுக்கு மட்டுந்தான் ஆதரவு. ஒங்க ஆட்சிய நான் இன்னும் எதிர்க்கிறேன், எழுதிக்க." நாற்பது கைகள். கவர்னர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். இரண்டு மாதத்தில் புது மோட்டார் வந்தது. அக்கா இப்போதும் வாரம் மூன்று நாள் அதில்தான் இறங்குகிறார், நன்றாக இருக்கிறார்.

இனி சொல்லப் போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. லிஃப்ட் ஓட ஆரம்பித்த மூன்றாம் மாதம் தலைவர் தேர்தல். "லிஃப்டு ஓடுதுல்ல, இனிமே எதுக்கு அந்த மனுசன்? ஓயாம சுசா கொடுக்கிறாரு, ஒரே தொல்ல" என்று பேச்சு கிளம்பியது. படித்தவர் நிற்கட்டும் என்று என்னை நிறுத்தினார்கள். ஐந்து நிமிடம் வேண்டாம் என்றேன். ஆறாவது நிமிடம் சும்மா இருந்துவிட்டேன். பிரதமருக்கு இரண்டே கைகள் தூக்கப்பட்டன. ஒன்று அவருடையது. மற்றது பாக்கியம் அக்காவுடையது.

"இந்தத் தம்பியத் திட்ட எனக்கு வாய் வராதுலா" என்று அக்கா அழுதுகொண்டே காரணம் சொன்னார்.

பிரதமர் என்னிடம் வந்து சங்கத்தின் புகார்க் கோப்பைக் கொடுத்தார். கோபம் இல்லை. "வாழ்த்துகள் தம்பி. கவர்னர் நல்லவரு, ஆனா எழுதி வாங்கிக்குங்க" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வருசக் கடைசியில் லோரியை விற்றுவிட்டு, சித்தியவானில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது நான்தான் தலைவர். யார் எப்போது கதவைத் தட்டினாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஆறு வருசம் அந்த மனிதர் எப்படிச் சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தார் என்று தெரியவில்லை. வாரம் ஒருமுறை அவருக்குப் போன் செய்து, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது, என்ன செய்யலாம் அண்ணே என்று கேட்பேன். உற்சாகமாகிவிடுவார். அரைமணி நேரம் யோசனை சொல்வார்.

தொட்டி ஒரு நாளும் ஒழுகியதில்லை.