ஏணி வண்டியில் டமால் அண்ணன்

“விழா முடியற வரைக்கும் எங்க அண்ணனை மேடைப் பக்கமே விட்டுடாதம்மா.”

“வேற யாரையாவது அனுப்பக் கூடாதா மேடம்? போன விழாவுல அவர் கேக் மேல உட்கார்ந்தார். சட்டையைத் துடைச்சுவிட்டது நான்.”

“அதனாலதான் உன்னை அனுப்பறேன். நாளைக்கு நீ என் செயலாளரா இருப்பியா மாட்டியாங்கறது அவன் கையிலதான் இருக்கு.”

காலையில் மேயரம்மா சொன்னது, புதிய தீயணைப்பு நிலையத்தின் சாமான் அறையில் நின்ற செயலாளரின் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. அவள் வேலையை நம்பித்தான் வீடே ஓடியது. அந்த வேலை இப்போது, தீயணைப்புத் தொப்பியை முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டு அசடு வழிய நின்ற ஒரு நெட்டை மனிதரின் கையில்!

அலுவலகத்தில் அவருக்கு டமால் அண்ணன் என்று பெயர். அவர் வந்தால் ஏதாவது விழும். பெரும்பாலும் அவரே.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றார் டமால்.

“சிபாரிசுன்னா தங்கச்சிகிட்டயே கேளுங்க. என்கிட்ட வராதீங்க.”

“சிபாரிசு இல்லீங்க. வந்து…”

வந்தது சொல் அல்ல. பின்னால் நகர்ந்த அவர் முதுகு, சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டது.

அபாய மணி அலறியது. வாசலில் காத்திருந்த பேண்டு வாத்தியக்காரர்கள், மேயர் வந்துவிட்டதாக நினைத்து வெளுத்து வாங்க ஆரம்பித்தார்கள். மாடியிலிருந்த வீரர்கள் கம்பத்தைக் கட்டிக்கொண்டு சறுக்கி, ஒருவர் தோளில் ஒருவராக வந்து இறங்கினார்கள்.

“ஐயோ, வாங்க!” என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்முற்றத்துக்கு ஓடினாள். அங்கே தண்ணீர் வண்டியின் மறைவில் அவரை நிறுத்தினாள்.

“எதையும் தொடாதீங்க. கையைப் பாக்கெட்டுக்குள்ள போடுங்க.”

போட்டார். அவள் நெற்றி வியர்வையைப் பார்த்ததும் மனம் கேட்காமல், கைக்குட்டையோடு வெளியே எடுத்தார். முழங்கை வண்டியின் நெம்புகோலில் இடித்தது.

தரையில் கிடந்த ரப்பர் குழாய் படமெடுத்து எழுந்தது. முதல் பீய்ச்சலில், மணிச் சத்தம் கேட்டு ஓடிவந்த வரவேற்புக் குழு மொத்தமும் குளித்தது. குழாய் அவள் பக்கம் திரும்பியபோது டமால் குறுக்கே பாய்ந்தார். முழுத் தண்ணீரையும் மார்பில் வாங்கிக்கொண்டு, “நீங்க நனையலையே?” என்று கேட்டார்.

திட்டத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வந்து தொலைத்தது. இருமுவதுபோல் நடித்துச் சமாளித்தாள்.

மீசையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நிலைய அதிகாரி வந்து குழாயை அடக்கினார்.

“சார், இவரை எங்கேயாவது ஒளிச்சு வைக்கணும். இல்லேன்னா என் வேலை போயிடும்!”

“அதோ ஏணி வண்டி நிக்குது பாருங்க. ஏணி நுனியில இருக்கற கூடைக்குள்ள குந்திக்கிட்டா யாருக்கும் தெரியாது. ரெண்டு பேரும் ஏறிக்கங்க.”

“நான் எதுக்கு?”

“தனியா விட்டா வண்டியையே கிளப்பிட்டுப் போயிடுவாரும்மா.”

நியாயமாகத்தான் பட்டது. இருவரும் முழங்கால் இடிக்க உள்ளே குந்தினார்கள். “வந்து… ஒண்ணு கேக்கணும்…” என்று டமால் மறுபடி தொடங்கியபோது, கூடை குலுங்கியது. முற்றம் கீழே போனது. கட்டடத்தின் கூரை கீழே போனது. சற்று நேரத்தில் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் அண்ணாந்து பார்க்க, இருவரும் மேடைக்கு நேர் மேலே தொங்கினார்கள்.

டமாலின் தொப்பி நழுவி, பேண்டுக்காரரின் பெரிய மேளத்தில் விழுந்தது. டமால்!

வேலை போயே போய்விட்டது. அவள் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

“சார்! இறக்குங்க சார்!”

கீழே ஏணி விசையில் கை வைத்திருந்த அதிகாரி மேடையைப் பார்த்தார். மேயரம்மா மைக்கின் முன் கைகட்டி நின்றபடி, கூடாது என்று தலையசைத்தார்.

“முடியாதும்மா!” என்று அதிகாரி கத்தினார். “அவர் கேட்டு முடிக்காம இறக்கக் கூடாதுன்னு நேத்தே மேயரம்மா உத்தரவு! நீங்க வராத விழாவுல அவர் ஒரு டம்ளரைக்கூடத் தட்டிவிட்டதில்லையாம்!”

அவள் மெல்லத் திரும்பினாள். கம்பியைக் கட்டிப்பிடித்து, கண்ணை இறுக மூடியிருந்த டமால், ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“பாத்திரமெல்லாம் எவர்சில்வராவே வாங்கிக்கலாம்” என்றார். “என்னைக் கட்டிக்கிறீங்களா?”