ஸ்டாக் எடுக்கும் நாளில் ஒரு பலூன்

பிப்ரவரி 8, சனிக்கிழமை, காலை 6.40. நகரத்துக்கு வெளியே உள்ள விளையாட்டு மைதானத்திலிருந்து ஒரு வெப்பக்காற்று பலூன் நான்கு பேருடன் மேலே கிளம்பியது.

நால்வரில் ஒருவர் மருந்துக் கம்பெனி ஒன்றின் ஸ்டோர்கீப்பர். ஆபீஸைப் பொறுத்தவரை அவர் அந்த நேரத்தில் முதுகுவலியால் வீட்டில் படுத்திருந்தார். மனைவியைப் பொறுத்தவரை ஆபீஸில் ஸ்டாக் எடுத்துக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிட்டுவிடக் கூடாதென்று போனை அணைத்து வைத்திருந்தார்.

வேறு வழியில்லை. காற்று சரியில்லை என்று மூன்று தடவை ரத்தான சவாரி, நான்காவது தடவை ஸ்டாக் எடுக்கும் நாளில் வந்து விழுந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, காலை ஆறு மணிக்கே தொடங்கும் வேலை. பலூனுக்காக லீவு என்றால் மேனேஜர் கடித்துக் குதறிவிடுவார். அதிலும் திங்கட்கிழமை, சூப்பர்வைசர் பதவி யாருக்கென்று அவர்தான் முடிவு செய்யப்போகிறார். வீட்டிலோ, பரணிலிருந்து விழுந்த நாள் முதல் ஸ்டூல்மேல்கூட ஏறக் கூடாதென்று உத்தரவு.

ஆனால் பர்னர் ஓய்ந்த அந்த நிமிடம்! காற்றோடு காற்றாகப் போனதால் முகத்தில் காற்றே படவில்லை. எங்கோ கீழே குரைத்த நாய் காதருகே குரைத்தது. பதினோரு வருடமாகக் கம்பெனிக் கிடங்கின் தகரக் கூரையையே பார்த்த கண்கள் நிறைந்துபோயின.

சற்று நேரத்தில் அந்தத் தகரக் கூரையே தெரிந்தது.

"பைலட் சார், அந்த நீலக் கூரை... நாம அங்கயா போறோம்?"

"காத்து அங்கதான் போகுது சார்."

"கொஞ்சம் திருப்புங்களேன்."

"இதுக்கு ஸ்டியரிங் ஏது? மேலயோ கீழயோ போய் வேற காத்தைப் பிடிச்சாத்தான் உண்டு."

"அப்ப மேல போங்க!"

மேலே போனார்கள். மேல்காற்று அதே திசையில் இரண்டு மடங்கு வேகமாக இழுத்தது.

"ஐயோ, கீழ போங்க சார், கீழ!"

கீழே வந்தார்கள். இப்போது ஆள் முகம் தெரிகிற உயரத்தில் பலூன் நேராகக் கிடங்கை நோக்கித் தவழ்ந்தது.

ஸ்டோர்கீப்பர் கூடைக்குள் சுருண்டு உட்கார்ந்து, கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

கூட வந்திருந்த புதுமணப்பெண் பதறினாள். "என்னங்க, இந்த அங்கிளுக்கு என்னமோ ஆகுது!"

"ஒண்ணுமில்லம்மா. லேசா முதுகுவலி." காலையில் ஆபீஸுக்குச் சொன்ன பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

"நெஞ்சுக்கு நேர் பின்னாடியா?" என்றான் அவள் கணவன். "எங்க மாமாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. பைலட் சார், ஹார்ட்!"

"ஹார்ட்டெல்லாம் இல்லப்பா!"

"அவரும் கடைசி வரைக்கும் அப்படித்தான் சொன்னாரு."

பைலட் வாக்கிடாக்கியை எடுத்தார். "உடனே ஆம்புலன்ஸ் வேணும். பக்கத்துல இறக்கிடறேன். நீலக் கூரைக்கு முன்னால, வேன் நிறுத்துற இடம் காலியா இருக்கு."

"அங்க வேண்டாம் சார், உங்க கால்ல விழறேன்!"

"பேசாதீங்க, மூச்சு வாங்கும்."

கூடை இரண்டு குதி குதித்து, கம்பெனி வாசலுக்கு நேர் எதிரே நின்றது. தெருமுனையில் சைரன் கேட்டது. ஸ்டோர்கீப்பர் கர்ச்சீப் நழுவாமல் கண்ணை மட்டும் விளிம்புக்கு மேல் உயர்த்தினார். வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"அட, ஸ்டோர் சாரா!"

"கத்தாதீங்கண்ணே. மேனேஜர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"சொல்றதுக்கு உள்ள யாரு சார் இருக்கா? கிடங்குச் சாவி உங்ககிட்ட இருக்கு, போனும் போகல. மேனேஜரோட சேர்ந்து எல்லாரும் பழம் வாங்கிக்கிட்டு, உங்க முதுகைப் பார்க்க வேன்ல உங்க வீட்டுக்குப் போய்க் கால் மணி நேரம் ஆச்சு."