தரைத்தளம் வரை பதினோரு பாட்டு

மனைவிக்குத் தெரியாமல் ஒரே ஒரு காரியமாவது செய்து முடித்துவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று, ஐம்பத்து நான்காம் வயதில் லிஃப்ட் மெக்கானிக் ஒரு முடிவுக்கு வந்தார்.

சின்ன ஆசைதான். ஆனால் வாய்த்த இடம் சரியில்லை. அவர் மனைவி நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். சாட்சிகள் எத்தனை வேகமாகப் பொய் சொன்னாலும் ஒரு சொல் சிந்தாமல் எழுதி எடுக்கிறவள். அவளிடம் "பஸ் லேட்" என்று சொல்வதற்கே அவருக்கு நாக்கு உலர்ந்துபோகும்.

காரியம் மேல்வீட்டிலிருந்து இறங்கி வந்தது. அங்கே ஒரு பல் டாக்டர், தனிக்கட்டை. பல் குடையும் மெஷினின் சத்தத்தைப் பதிந்து, வெட்டி ஒட்டித் தாளம் கட்டுகிறவர். ஒருநாள் நின்றுபோன லிஃப்டுக்குள் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டார். உள்ளே இருப்பவர் பயந்துவிடக் கூடாதே என்று, வெளியே ரிப்பேர் பார்த்தபடி மெக்கானிக் எதுகையும் மோனையுமாக வாய் ஓயாமல் அளந்துகொண்டிருந்தார். கதவு திறந்ததும் டாக்டர் நன்றி சொல்லவில்லை.

"சார், நீங்க ராப் பண்ணுவீங்களா?" என்றார்.

திட்டம் வளர்ந்தது. தனித்தனிப் பாட்டு இல்லை. பதினோரு பாட்டில் ஒரே கதை, ஒரு முழு ஆல்பம். கல்யாணமான ஒருவன் பத்தாவது மாடியில் லிஃப்டில் ஏறுகிறான். மாடிக்கு ஒரு மனக்குறையாகப் பாடிக்கொண்டே தரைத்தளத்துக்கு வந்து சேருகிறான். கம்பெனி கிடையாது, விளம்பரம் கிடையாது, பாடுகிறவன் முகம்கூடக் கிடையாது. கேட்டவன் இன்னொருவனிடம் சொல்லித்தான் பரவ வேண்டும்.

"அண்டர்கிரவுண்ட் ஹிப் ஹாப்னா அப்படித்தான் சார். வீட்ல தெரியுமா?"

"மூச்!"

"அப்ப இதைவிட அண்டர்கிரவுண்ட் உலகத்துலயே கிடையாது."

பின்னறைச் சுவரில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்குத் துணி அலமாரி. கம்பளியும் பழைய கோட்டுகளும் தொங்குவதால் உள்ளே பாடிப் பதிந்தால் எதிரொலி இராது. ஞாயிறு மதியம் மனைவி கண்ணயரும் நேரம், "அலமாரியை அடுக்கறேம்மா" என்று சொல்லிவிட்டு, போனோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மூன்று மாதமாக அடுக்கினார். ஒரு கைக்குட்டைகூட இடம் மாறவில்லை. அவளும் ஏனென்று கேட்கவில்லை. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே மெய் சிலிர்த்தது.

*பத்தாவது மாடி, பளபளன்னு மாடி,*
*பாத்தேன் கண்ணாடி, பக்கத்துல ஜோடி.*
*பட்டனைத் தொடல, பாதையக் கேக்கல,*
*பொட்டி எறங்குது, பொலம்பலும் நிக்கல!*

தப்பித் தவறி அவள் காதில் விழுந்தாலும் இந்த வேகத்துக்கு என்ன புரிந்துவிடப் போகிறது என்று தைரியம் வேறு.

பத்துப் பாட்டு முடிந்தது. பதினொன்றாவதில்தான் வண்டி நின்றது. கதைப்படி லிஃப்ட் கதவு திறக்கிறது, அவன் வெளியே வருகிறான், திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறான். "போனாத்தான் சார் கனம்," என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த ஞாயிறு மெக்கானிக் அலமாரிக்குள் ஆறு தடவை பாடிப் பார்த்தார். ஆறு தடவையும் "திரும்பிப் பாக்காம" என்ற இடத்தில் தொண்டை அடைத்தது. ஏழாவது தடவையும் அடைத்தது.

"ஏங்க," என்றது அலமாரிக் கதவு. "மூச்சை அந்த வரிக்கு முன்னாடியே வாங்கிக்குங்க."

கதவைத் திறந்தார். எதிரே முக்காலியில் அவள். மடியில் நோட்டு, கையில் பென்சில்.

"நீ தூங்கல?"

"மூணு மாசமா ஞாயித்துக்கிழமை தூக்கம் ஏது? பத்துப் பாட்டும் எடுத்தாச்சு. ஜட்ஜய்யா இதைவிட வேகமாப் பேசுவாரு."

அந்த நோட்டை அவருக்குத் தெரியும். மூன்று மாதமாகச் சாப்பாட்டு மேஜையில் திறந்தேதான் கிடந்தது. சுருக்கெழுத்து, புழு நெளிந்ததுபோல் இருக்கும். கோர்ட்டு வேலை என்று அதன்மேல் டம்ளர் வைத்திருக்கிறார்.

"சில திருத்தம் இருக்கு," என்றாள். "ஏழாவது மாடி. 'என் நீலச் சட்டையத் தூக்கி எவனுக்கோ குடுத்தா.' யாருக்குக் குடுத்தேன்?"

"அது எங்க போச்சுன்னு நீதான் சொல்லணும்."

"உங்க மூக்குக்கு நேரா தொங்குது."

தொங்கியது. மூன்று மாதமும் இருட்டில் அந்தச் சட்டையின் முன்னால் நின்றுதான் அந்தச் சட்டைக்காக அழுதிருக்கிறார்.

"அஞ்சாவது மாடி. 'ஞாயிறு வந்தா டீயில திரிஞ்ச பாலு.'"

"அது உண்மைதானே?"

"உண்மைதான். மொதப் பாட்டுல ஃப்ரிட்ஜ் சத்தம் கொர்ருன்னு விழுந்துச்சே, டாக்டர் சொல்லலையா? அதுக்கடுத்த வாரத்துலேர்ந்து நீங்க உள்ள போனதும் ஃப்ரிட்ஜை நிறுத்திட்டு வந்தேன். ரெண்டு தடவை மறுபடி போட மறந்துட்டேன்."

அவர் கம்பளியைப் பிடித்துக்கொண்டார்.

"மூணாவது மாடி. 'அவ சிரிச்சுப் பத்து வருஷம்.' தப்பு. வாரா வாரம் சிரிக்கிறேன். கதவுக்கு இந்தப் பக்கம்."

பிறகு பக்கத்தைப் புரட்டினாள். அந்தப் பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பென்சில் முனை தாளுக்கு மேலே தொடாமல் நின்றது. எத்தனையோ பேர் பிரிந்துபோன வழக்கையெல்லாம் அசையாமல் எழுதிய கை அது.

"அவன் கடைசியில போயிடறானா?"

"கதைம்மா அது. டாக்டர் சொல்றாரு, போனாத்தான்..."

"டாக்டர் பல்லைப் பாக்கட்டும். நீங்க சொல்லுங்க."

அவர் சொல்லத்தான் பார்த்தார். தொண்டை எட்டாவது தடவையாக அடைத்தது. அவள் அதைப் பார்த்தாள். அதையும் ஒரு கோடாகக் குறித்துக்கொண்டாள் போலிருந்தது.

"சரி, ஒரு சந்தேகம். உள்ள இருக்கறவன் பட்டனைத் தொடல. பத்தாவது மாடியிலயே பாடிட்டீங்க. அப்ப லிஃப்ட் எப்படிக் கீழ வருது?"

"விதிம்மா. விதி இழுக்குது."

"இருபத்தஞ்சு வருஷமா லிஃப்ட் பாக்கறீங்க. உள்ள யாரும் அமுக்கலன்னா?"

"கீழ யாராவது..."

அவர் வாய் அப்படியே நின்றது. தொழில் தெரிந்த வாய்.

"கீழ யாராவது கூப்பிட்டிருக்கணும்," என்று அவளே முடித்தாள். "எத்தனை நேரமா நிக்கறாளோ, பாவம். நகருங்க."

அலமாரிக்குள் இருவர் நிற்க முடியாது. நின்றார்கள். கோட்டுகள் இரண்டு பக்கமும் தோளை அணைத்தன. அவள் ஒரே மூச்சில், ஒரே தடவையில் பாடினாள்.

*கீழ நின்னு கூப்பிட்டது யாரு?*
*பட்டனை அமுக்கின வெரலைப் பாரு.*
*எத்தனை மாடி வேணாலும் ஏறு,*
*எனக்கும் எடம்விட்டு ஓரமா சேரு.*

இருட்டில் மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நீலச் சட்டையில்.

டாக்டர் இரண்டு தடவை போட்டுக் கேட்டார். பிறகு, "திரும்பிப் பாக்காம போறது வேணாம் சார்," என்றார்.

ஆல்பம் வெளியானது. முன்பின் தெரியாத முந்நூறு பேர் கேட்டார்கள். அதில் இருநூற்றுச் சொச்சம் பேர் ஒரே விஷயத்தைத்தான் எழுதினார்கள்: முதல் பத்துப் பாட்டைத் தாண்டிவிட்டு நேரே தரைத்தளத்துக்குப் போங்கள், அந்தம்மா எப்போது தனி ஆல்பம் போடுகிறார்?

போடுகிறார். இப்போது ஞாயிறு மதியம் அலமாரிக்குள் போவது அவள். ஃப்ரிட்ஜை நிறுத்துவதும், மறக்காமல் திரும்பப் போடுவதும் அவர் பொறுப்பு. கம்பளி கனம், கதவும் கெட்டிக் கதவு. முக்காலியில் உட்கார்ந்து எவ்வளவு காதைத் தீட்டினாலும் அவருக்கு முணுமுணுப்புதான் கேட்கிறது.

"என்னைப் பத்தியாம்மா?" என்று ஒருநாள் கேட்டார்.

"பின்ன யாரைப் பத்தி? எல்லாம் நோட்டுல இருக்கு. நான் ஒளிச்சா வைக்கிறேன்?"

ஒளித்து வைக்கவில்லைதான். சாப்பாட்டு மேஜையில் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. முப்பது பக்கம். தினமும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை பார்க்கிறார், பக்கத்துக்குப் பக்கம் புழுதான் நெளிகிறது.