ஈசானிய மூலையில் ஒரு சிங்க்

திருமுல்லைவாயில் அடுக்குமாடியில் அன்று லிஃப்ட் ஓயவில்லை. மூன்றாவது மாடி அகல்யா வீட்டுக்கு 'வாஸ்து மாமணி' கன்னியப்பன் வந்திருக்கிறாராம்! வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. எம்.டெக். படித்த செருப்புகள், அமெரிக்கா போய்வந்த செருப்புகள், பூசை முடித்து மாதா கோயிலிலிருந்து நேராக வந்த ஆக்னஸ் அக்காவின் செருப்பு. மூடத்தனம் என்று வந்துவிட்டால் மட்டும் நம் ஆட்களிடம் சாதிமத பேதமே கிடையாது, போங்கள்!

மாமணியின் மூலதனம் வளைத்த செம்புக் கம்பிகள் இரண்டு. கைக்கு ஒன்றாக நீட்டிப் பிடித்து நடப்பார். 'ஜலநாடி', அதாவது நீரோட்டம், வந்தால் கம்பிகள் தானாகவே ஒன்றின்மேல் ஒன்று சாயுமாம், அங்கேதான் சிங்க் வைக்க வேண்டுமாம். இப்படி ஏற்கெனவே நான்கு வீடுகளில் சிங்க்கைப் பெயர்த்தாயிற்று. தண்ணீர் ஓடச் சரிவு வாட்டமில்லாமல் இழுத்த பைப்புகள் கீழ்வீட்டு சீலிங்கில் சொட்டின. "அது லட்சுமி எறங்கற சத்தம்" என்று சொல்லிவிட்டார் மாமணி. ஆக்னஸ் அக்கா பாவம், இரண்டு மாதமாக வாளி வைத்து லட்சுமியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அகல்யா வீட்டில் சமையலறையைப் புதுப்பிக்கும் வேலை. நாளைக் காலை கிரானைட் அறுக்க ஆள் வருகிறது. பகலெல்லாம் லேப்டாப், அது முடிந்தால் பாத்திரம் என்று இருப்பவளுக்கு சிங்க்குக்கு மேலே உள்ள அந்த ஜன்னல்தான் வெளிச்சம், காற்று எல்லாம். அதை விட்டு இருட்டுக் கதவு மூலைக்குப் போக அவள் தயாராக இல்லை.

கம்பிகள் கதவு மூலையில் சேர்ந்தன. கூட்டம் "ஆகா!" என்றது.

"ஈசானியம்!" என்றார் மாமணி. "இப்போ ஒன் சிங்க்கு அக்கினி மூலைல கீது நைனா. ஒன் வேலைய தெனிக்கும் கழுவிக் கழுவி ஊத்திகினு கீது."

அகல்யாவின் கணவன் அழகேசனுக்கு முகம் வெளுத்தது. அவன் கம்பெனியில் ஆட்களை வேலையை விட்டுத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அகல், இந்த ஒரு தடவை கேளேன். வேலை போயிடுச்சுன்னா?"

பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக? "ஆளைத் தூக்குறவனுக்கு நம்ம வீட்டு சிங்க் எங்க இருக்குன்னு தெரியுமாங்க?"

அளவெடுக்க வந்திருந்த பிளம்பர் கோவிந்தன் தலையைச் சொறிந்தார். "கதவு மூலையாண்டயா? அங்கேர்ந்து தண்ணி மேல ஏறித்தான் சார் வெளிய போவணும்."

மாமணிக்குச் சுருக்கென்றது. "ஒனுக்கு இன்னாய்யா தெரியும்? என் கண்ணக் கட்டி உட்டாலும் இந்தக் கோலு நாடிய கரீட்டா காட்டும்!"

"கட்டிடலாமே" என்றாள் அகல்யா. கையில் துண்டு தயாராக இருந்தது.

இத்தனை பேர் பார்க்கும்போது மாமணி எப்படி மறுப்பார்? கண்ணைக் கட்டி மூன்று சுற்றுச் சுற்றி விட்டாள்.

முதல் தடவை கம்பிகள் அடுப்புக்கு நேரே சேர்ந்தன. "ஐயையோ, அடுப்பாச்சே!" என்றார் ஆக்னஸ் அக்கா. மறுபடி சுற்றி விட்டாள். இந்த முறை ஃப்ரிட்ஜ். மூன்றாவது தடவை மாமணி பவ்யமாக அடிமேல் அடி வைத்து நடந்து, அழகேசனின் தொப்பைக்கு முன்னால் நின்றார். கம்பிகள் அழகாகச் சேர்ந்தன.

"இன்னா மேடம், சாருக்குள்ளதான் சிங்க்கு வெக்கணுமா?" என்றார் கோவிந்தன்.

வீடே சிரித்தது. அழகேசனும் சிரித்துவிட்டான். இரண்டு வாரமாகச் சிரிக்காதவன்.

மாமணி துண்டைப் பிடுங்கி எறிந்தார். "துணில கருவாட்டு வாசன! சக்தி ஓடிப்பூட்ச்சு!"

கோவிந்தன் கம்பிகளை வாங்கிக் கையில் பிடித்தார். மணிக்கட்டை லேசாக உள்ளே சாய்த்தார், சேர்ந்தன. வெளியே சாய்த்தார், விலகின. "அவ்ளோதான் மேடம். இதுக்கா இவ்ளோ பில்டப்பு?"

"அப்ப என் வீட்டு சீலிங்ல சொட்டுறது?" என்று கேட்டார் ஆக்னஸ் அக்கா.

"பைப்பு ஒழுகுதுக்கா."

மாமணி லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. படியிலேயே இறங்கிவிட்டார்.

வாரம் திரும்புவதற்குள் ஜன்னலுக்குக் கீழே புது சிங்க் வந்துவிட்டது. முதல் பாத்திரத்தை அகல்யா கழுவிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் சிங்க்கைப் பெயர்த்த நான்கு வீட்டாரில் ஒருவர் கேட்டிருந்தார்: "வாஷிங் மெஷின் எந்தத் திசையைப் பார்க்கணும்? வேற நல்ல வாஸ்துக்காரர் யாராவது இருக்காங்களா?"

அகல்யா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பதில் தட்டினாள்.

"பைப் எங்க இருக்கோ அங்க மெஷினை வைங்க. மூளையை எங்க வெச்சீங்கன்னு முதல்ல தேடுங்க."