வீடு பூசி முடிக்கும்வரை

நான் சாவதற்கு நாள் குறித்து ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் சாகவில்லை. இதில் என் தப்பு எதுவும் இல்லை. எல்லாம் என் மனைவியின் தப்பு. முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

என் பெயர் லெட்லாட்சா. இருபத்தாறு வருஷம் எல்லைக்கு அந்தப் பக்கம் தங்கச் சுரங்கத்தில் பாறை குடைந்தேன். தங்கம் முதலாளிக்கு, தூசி எனக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டோம். என் பங்கு முழுவதையும் நெஞ்சுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு என் நாடான லெசோத்தோவுக்குத் திரும்பி வந்தேன். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "ஒரு வருஷம். ரொம்ப இழுத்தா ஒன்றரை" என்றார். எவ்வளவு இழுக்கலாம் என்று இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார்.

ஊருக்குத் திரும்பும் வேனில் என் மனைவியிடம் சொன்னேன். எங்கள் மூத்த பெண் பெயர் புலெங். அதனால் ஊருக்கே அவள் புலெங் அம்மா, நான் புலெங் அப்பா. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்துக் கைக்குட்டைகூட எடுத்து வைத்திருந்தேன்.

"எப்ப? விதைப்புக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றாள்.

"அதெல்லாம் டாக்டர் சொல்லல."

"கேட்டிருக்கலாம்ல? பின்னாடின்னா ஏருக்கு ஆள் தேட வேண்டாம் பாருங்க."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சாகப்போகிறவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? அந்த ரோஷத்தில்தான் அந்தச் சபதத்தைச் செய்தேன்.

எங்கள் பக்கத்தில் சுவரை எழுப்புவது ஆண் வேலை. அதை அலங்கரிப்பது பெண் வேலை. குளிர் போனதும் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, மண்ணும் சாணியும் குழைத்துப் பூசி, ஈரம் காய்வதற்குள் விரலாலும் முள்கரண்டியாலும் கோடு இழுப்பார்கள். உழுத வயல் மாதிரி கோடுகள், நடுவில் நாலிதழ்ப் பூக்கள். அதற்குச் சிவப்பு மண், வெள்ளை மண், மஞ்சள் மண். என் மனைவி கை வைத்தால் மூன்று ஊர்ப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். நான் மட்டும் பார்த்ததில்லை. கிறிஸ்துமஸ் லீவில் நான் வருவதற்குள் மழை முந்திக்கொண்டு பாதியைக் கழுவியிருக்கும். இருபத்தாறு வருஷமும் என் வீட்டை நான் அரைகுறையாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அதனால் எழுந்து நின்றேன். வேன் கூரையில் தலை இடித்தது. இருந்தாலும் சொன்னேன்.

"வீட்டை முழுசாப் பூசி முடிச்சு, அதை நான் கண்ணாரப் பாத்தப்புறம்தான் என் உயிர் போகும். அதுக்கு முன்னாடி போகாது. இது சத்தியம்!"

டிரைவர் பாட்டை நிறுத்தினார். அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே, "சரி" என்றாள்.

முப்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் எதிர்க்கேள்வி கேட்காமல் அவள் சரி என்றது அதுதான் முதல் தடவை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அந்த வருஷம் இரண்டே வாரத்தில் மூன்று சுவர்களை முடித்தாள். முன்சுவரையும் முடித்தாள், வாசலுக்குப் பக்கத்தில் ஒரு முழ அகலத்தைத் தவிர. அந்த ஒரு முழத்தில் வேலை நின்றது. அவளுடைய அத்தை இறந்துவிட்டாள். துக்க வீட்டுப் பெண் பூப் போடக் கூடாதாம். துக்கம் கழிவதற்குள் மழை வந்து நாலு சுவரையும் கழுவிவிட்டது.

அடுத்த வருஷமும் அதே ஒரு முழம் நின்றது. வெள்ளை மண் சரியில்லையாம். அதற்கடுத்த வருஷம் மழையே இல்லை. "குடிக்கத் தண்ணியக் காணோம், உங்களுக்குச் சுவருக்குத் தண்ணி கேக்குதா?" என்றாள்.

இதற்கிடையில் என்னுடன் சுரங்கத்தில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு கெகெட்சிக்குப் பொறுமை போய்விட்டது. என் சாவுக்கு வருகிறவர்களுக்கு விருந்தாக அடிக்க வேண்டிய காளையை அவன்தான் தருவதாகச் சொல்லியிருந்தான்.

"இந்த வருஷமாவது உண்டாடா?" என்றான், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு.

"ஒரு முழம் பாக்கி இருக்குடா."

"காளைக்கு வயசாகுதுடா! கறி ரப்பராப் போயிடும். வர்றவன் உன்னத் திட்ட மாட்டான், என்னத்தான் திட்டுவான்."

அவன் கவலை அவனுக்கு. என் கவலை வேறு. பிணத்தை எடுக்கிற அன்றைக்கு ஊர் முழுக்க என் முற்றத்தில் நிற்கும். அப்போது பின்னால் வீடு முழுசாக நிற்க வேண்டும். இவன் சும்மா தூசி தின்னப் போகவில்லை, இவனுக்கும் ஒரு வீடு இருந்தது என்று நாலு பேர் சொல்ல வேண்டும். வேறு என்ன கேட்டேன் நான்?

நானே களத்தில் இறங்கினேன். வீட்டு அலங்காரம் பற்றி நான் கற்ற பாடங்கள் இங்கேதான் ஆரம்பம்.

புலெங்கின் பிரசவத்துக்கு என் மனைவி போயிருந்த சமயம், டவுனிலிருந்து பளபளக்கும் ஆயில் பெயிண்ட் வாங்கி வந்தேன். வானநீலம். நானும் கெகெட்சியும் இருமி இருமி முன்சுவர் முழுக்க அடித்தோம். இனி மழையாவது ஒன்றாவது, சாகும்வரைக்கும் தாங்கும் என்றான் கெகெட்சி. நாற்பது நாள் தாங்கியது. மண்சுவருக்கு மூச்சு வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. மூச்சைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? உள்ளே ஈரம் கட்டிச் சுவர் முழுக்கக் கொப்புளம் கிளம்பியது. ஒரு மழை நாளில் பெயிண்டும் மண்ணும் சேர்ந்து பாளமாக விழுந்தன. கீழே நின்ற கோழி செத்தது.

என் மனைவி கோழியைத் தூக்கிப் பார்த்தாள்.

"இதுக்கு முன்னாடி நீங்க போவீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

வெளியே தோற்றவன் உள்ளேயாவது ஜெயிப்போம் என்று பெரிய கண்ணாடி வைத்த மர அலமாரி ஒன்றை வண்டியில் ஏற்றி வந்தேன். அவள் ஒரு கயிற்றால் அலமாரியை அளந்தாள். அப்புறம் வாசலை அளந்தாள்.

"உள்ள போகும். வெளிய எப்படி வரும்?"

"எதுக்கு வெளிய வரணும்?"

"நீங்க செத்தா ரூம காலி பண்ணித்தான ஆகணும்? சவப்பெட்டிய எங்க வெப்பாங்க? நான் மெத்தைய எங்க போட்டு உக்காருவேன்? இத யார் தூக்குவா, நீங்களா?"

அலமாரி வந்த வண்டியிலேயே திரும்பியது. அன்றைக்கு முடிவு செய்தேன்: இவள் எனக்காகக் காத்திருக்கிறாள். நல்ல அர்த்தத்தில் இல்லை. புருஷன் செத்தால் பெண்டாட்டி துக்கம் காக்க உட்காரும் மெத்தைக்குக்கூட இடம் பார்த்து வைத்துவிட்டாள். சாகப்போகிறவனுக்கு எதற்கு முழுச் சுவர் என்று கணக்காக நிறுத்துகிறாள். நெஞ்சில் தூசி அடைத்தபோதுகூட எனக்கு அவ்வளவு வலித்ததில்லை.

இதெல்லாம் போதாதென்று ஆட்டுப்பட்டி வேறு. எங்கள் பட்டிக்கு முள்வேலிதான். ஆடுகள் வாரம் ஒருமுறை அதைப் பிய்த்துக்கொண்டு கெகெட்சியின் சோளத்தில் புகுந்தன.

"கல்லுல ஒரு சுவர் வெச்சுத் தாங்கன்னு பத்து வருஷமாச் சொல்றேன்" என்பாள்.

"சாகப்போறவனக் கல்லு தூக்கச் சொல்றியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

"சாகப்போறவர் பீர்ப்பானைய மட்டும் தூக்குறீங்களே?"

என் வியாதியால் எனக்கு ஒரே ஒரு லாபம் இருந்தது. கல் தூக்காமல் தப்பித்தேன். அதை விடுவேனா? அந்த நேரம் பார்த்து இரண்டு இருமல் சேர்த்துப் போடுவேன். அவள் வாயை மூடிக்கொள்வாள்.

இந்தக் குளிர்காலத்தில் இருமல் நிஜமாகவே முற்றிவிட்டது. ஊற்றுவரை போய் வர மூன்று இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. கம்பளியில் ரத்தத் துளி பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. குளிர் போனதும் அவள் வழக்கம்போல் சுரண்டினாள், பூசினாள், கோடு இழுத்தாள். வழக்கம்போல் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு முழத்தில் நிறுத்தினாள். இந்தத் தடவை காரணம், முள்கரண்டியைக் காணோம்.

இனிப் பொறுக்க நேரம் இல்லை.

வியாழக்கிழமை சர்ச்சில் பெண்கள் ஜெபம். அவள் ஜெபக் கூட்டச் சீருடை போட்டுக்கொண்டு கிளம்பியதும் மண் குழைத்தேன். ஆண்பிள்ளை சுவரில் பூப் போடுவதை ஊர் பார்த்தால் செத்த பிறகும் சிரிக்கும். ஆகவே வாசலில் ஒரு கம்பளியைத் திரை மாதிரிக் கட்டிவிட்டு அதற்குப் பின்னால் வேலை பார்த்தேன். முள்கரண்டி அவள் தலையணைக்கு அடியில் இருந்தது. அது ஏன் அங்கே இருக்கிறது என்று யோசிக்கக்கூட எனக்கு மூச்சு இல்லை. ஒரு கோடு, ஒரு இருமல். ஒரு இதழ், ஒரு உட்காரல். என் பூ கொஞ்சம் மிதிபட்ட தவளை மாதிரிதான் இருந்தது. ஆனால் முடித்துவிட்டேன். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக வீடு முழுசாக நின்றது.

கண்ணாரப் பார்த்தேன். கல்யாணக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். முற்றத்தில் உட்கார்ந்து சாவுக்காகக் காத்திருந்தேன்.

சாவு வரவில்லை. அவள்தான் வந்தாள்.

சுவரைப் பார்த்தாள். என் கல்யாணக் கோட்டைப் பார்த்தாள். பாட்டுப் புத்தகத்தைக் கீழே வைத்தாள். தண்ணீர் வாளியைத் தூக்கினாள். ஒரே வீச்சு. என் தவளைப் பூ முழுக்கச் சேறாக வழிந்து இறங்கியது.

"அடிப்பாவி! சாகறவனுக்கு ஒரு முழம் மண்ணு பூச உனக்கு மனசு வரலையா?" என்று கத்தினேன். கத்தியதில் இருமல் வந்து, இருமலில் ரத்தம் வந்தது. மறைக்க முடியவில்லை.

அவள் சேற்றிலேயே சீருடையோடு உட்கார்ந்துவிட்டாள்.

"முடிச்சா நீ போயிருவியே!" என்றாள். முப்பத்தாறு வருஷத்தில் என்னை அவள் நீ என்றதில்லை. "நீதான சொன்ன? வேன்ல எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நின்னு சத்தியம் பண்ணினது நீதான? முடிச்சுப் பாத்தப்புறம்தான் போவேன்னு? அதான் முடிக்கல! இருபத்தாறு வருஷம் சுரங்கத்துக்காரன் உன்ன வெச்சுக்கிட்டான். வருஷத்துக்குப் பத்து நாள் எனக்குக் கடன் குடுத்தான். இப்பத்தான் ஆறு வருஷமா என்கூட இருக்க. அதுக்குள்ள உனக்கு என்ன அவசரம்?"

ஒவ்வொரு வருஷமும் கை அரிக்க அரிக்க அந்த ஒரு முழத்தை விட்டு வைத்திருக்கிறாள். மூன்று ஊர்ப் பெண்கள், பெரிய கைவேலைக்காரி சோம்பேறி ஆகிவிட்டாள் என்று பேசியதையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் மட்டும் மெத்தையையும் பெட்டியையும் நினைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன். எனக்கும் அழுகை வந்தது. ஆறு வருஷமாகப் பையில் கிடந்த கைக்குட்டை கடைசியில் எனக்கே பயன்பட்டது.

"புலெங் அம்மா, அந்தச் சத்தியத்த நான் திரும்ப வாங்கிக்கிறேன்" என்றேன்.

"பண்ணின சத்தியத்தத் திரும்ப வாங்க முடியாது" என்றாள், மூக்கை உறிஞ்சியபடி. "வேணும்னா இன்னொண்ணு சேத்துக்கலாம்."

"என்ன வேணும்னாலும் சொல்லு. சேத்துக்கறேன்."

"வீடு மட்டும் போதாது. ஆட்டுப்பட்டிச் சுவரும் பூசி முடிச்சு, அதையும் பாத்தப்புறம்தான் போவேன்னு சொல்லுங்க."

"ஆட்டுப்பட்டிச் சுவரும் பூசி முடிச்சுப் பாத்தப்புறம்தான் என் உயிர் போகும். இது சத்தியம்!" என்று எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் கெகெட்சி தலையில் அடித்துக்கொண்டான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முள்கரண்டியை என்னிடமிருந்து வாங்கினாள். அன்று மாலைக்குள் அந்த ஒரு முழத்தை முடித்துவிட்டாள். அப்பா, என்ன பூ அது! என் வீட்டை முழுசாகப் பார்த்தேன். இருட்டும்வரை பார்த்தேன்.

மறுநாள் காலையில் அவள் என்னை எழுப்பி, கையில் கடப்பாரையைக் கொடுத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஆட்டுப்பட்டிக்குச் சுவரே கிடையாது.